சைலன்சரும் தறிக்குழியும்

என் அண்ணியின் உயிரை ஒரு காரின் சத்தத்துக்குப் பணயம் வைத்தவன் நான். தெரியாமல் செய்தேன் என்றுதான் இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி அண்ணிக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு, முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரிகிற நீள வீடு. நடுவில், நெய்கிறவர் கால் விட்டு உட்காரும் குழியோடு தறி போட்ட தறிக்கூடம். அதன் பின்சுவரை ஒட்டித் தகரம் போட்ட சாயக் கொட்டகை. அதைத் தாண்டிக் கிணறு, பின்சந்து. அப்பா அம்மா போன பிறகு வீட்டில் மூன்றே பேர். அண்ணன் தறியில் உட்கார்ந்தார். அண்ணி அவருக்கு ஈடாக உட்கார்ந்தார். நான் மட்டும், "இந்தக் குழிக்குள் காலை விட்டுக்கொண்டு என்னால் சாக முடியாது" என்று பதினெட்டு வயதில் சண்டை போட்டுவிட்டு ஒரு பஸ் பட்டறையில் மெக்கானிக்காகச் சேர்ந்திருந்தேன். அந்தச் சண்டையில் எனக்காகப் பேசியதும் அண்ணிதான். என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர்.

பட்டுக்கடை முதலாளி ஒருவரின் மகன் எனக்குப் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். வெள்ளைக்காரர் யாரோ சென்னையில் விட்டுவிட்டுப் போன பந்தயக் கார் ஒன்றை அவன் வாங்கி வந்தான். இரண்டே பேர் உட்காரலாம். மேற்கூரை கிடையாது. கதவு என் முழங்காலுக்கு வரும். அதை ஓட்டிக்கொண்டு கச்சேரித் தெருவில் போனால் சைக்கிள்காரர்கள் இறங்கி நின்று பார்த்தார்கள். சென்னைக்கு அந்தப் பக்கம் கைவிட்ட விமான ஓடுதளம் ஒன்றில் கார்ப் பந்தயம் விடுகிறார்கள், பங்குனி கடைசி ஞாயிற்றுக்கிழமை தானும் ஓட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டு வந்து நின்றான்.

"ஸ்பீடு பத்தல மச்சான். சவுண்டும் பத்தல. தையல் மிஷின் மாதிரி ஓடுது. நீதான் எதுனா பண்ணணும்."

பண்ண வேண்டியது எனக்குத் தெரிந்திருந்தது. எஞ்சினில் எரிந்த புகை சைலன்சருக்குள் அறை அறையாக முட்டி மோதி வெளியே வருகிறது. சத்தம் குறையும், கூடவே எஞ்சினின் வேகமும் கொஞ்சம் குறையும். அந்தச் சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு, அகலமான நேர் குழாய் போட்டால் வண்டி மூச்சு விட்டு ஓடும். பட்டறையில் வெளி வண்டியைத் தொட மேஸ்திரி விடமாட்டார். அதனால் கார் பின்சந்து வழியாக எங்கள் சாயக் கொட்டகைக்கு வந்தது. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பத்து நாளுக்குத்தானே, இருந்துட்டுப் போவட்டுமே" என்று அண்ணி சொன்னதால் சம்மதித்தார்.

அந்தக் குழாயை நான் வளைத்த விதத்தை இப்போது நினைத்தாலும் எனக்குக் கொஞ்சம் கர்வம் வருகிறது, அதையும் மறைக்க விரும்பவில்லை. இரும்புக் குழாயை அப்படியே வளைத்தால் நசுங்கிவிடும். உள்ளே காய்ந்த மணலைக் கெட்டியாக நிரப்பி, இரண்டு முனையிலும் கட்டை அடித்து, சாயம் காய்ச்சுகிற அடுப்பில் கரி போட்டுச் சிவக்கக் காய்ச்சி வளைத்தேன். மணல் சலித்துக் கொடுத்தது அண்ணி. ஈரத் துணியைச் சுற்றி மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றதும் அவர்தான். "பட்டு முறுக்கறத விட உனுக்கு இதுல பொறுமை இருக்குதே" என்று சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் முதல்முறையாக எஞ்சினைக் கிளப்பினேன். தகரக் கொட்டகைக்குள் வெடி வைத்த மாதிரி ஒரு சத்தம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனால் அது எங்கள் தெருவில் பாவு நீட்டுகிற நேரம். தறியில் நீளவாட்டில் ஓடும் இழைகளைத் தெரு நீளத்துக்கும் இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவுவார்கள். அது சுருட்டப்படும்வரை மாட்டு வண்டிகூடத் தெருவுக்குள் வராது. எதிர்வீட்டுப் பாவு அன்றைக்குத் தெருவில் இருந்தது. சத்தத்துக்கு மிரண்ட பசு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு அதற்குள் பாய்ந்துவிட்டது.

எதிர்வீட்டுப் பெரியவர் எங்கள் வாசலில் வந்து நின்று பேசியதை எழுத முடியாது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பிறகு அன்று முழுவதும் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டுவிட்டு வந்தார். சாப்பிடும்போது என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"இன்னொரு வாட்டி அந்தச் சத்தம் தெருவுக்குக் கேட்டுச்சின்னா வண்டி இங்க இருக்காது. நீயும் இருக்கமாட்ட."

"ஞாயித்துக்கெழம வரைக்கும்தானே. சத்தம் வெளிய வராம அவன் பாத்துக்குவான்" என்றார் அண்ணி, எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டே. மறுபடியும் எனக்காக.

குழாய் மாற்றினால் மட்டும் போதாது. எஞ்சினுக்குள் போகிற பெட்ரோலையும் காற்றையும் அதற்குத் தகுந்தபடி திருத்த வேண்டும். பெட்ரோலைக் கூட்டி, குறைத்து, மறுபடி கூட்டி, மணிக்கணக்கில் எஞ்சினை ஓடவிட்டுக் காதால் கேட்டுச் சரி செய்கிற வேலை. ஊருக்கு வெளியே எங்காவது புளியமரத்தடியில் நிறுத்திச் செய்திருக்கலாம். செய்யவில்லை. பங்குனி வெயிலுக்குச் சோம்பல். அதோடு என் கெட்டிக்காரத்தனத்தின் மேல் எனக்கு அபாரமான நம்பிக்கை.

எங்கள் வீட்டில் கிணற்றடித் தண்ணீர் தெருவுக்குப் போவதற்கு ஒரு ஜலதாரை உண்டு. மேலே கல் மூடிய கால்வாய். கொட்டகையில் தொடங்கி, தறிக்கூடத்தின் அடியில் ஓடி, முன்வாசல் சாக்கடையில் சேரும். வெள்ளிக்கிழமை காலை, காரின் புகைக்குழாய் வாயில் ஒரு பழைய ரப்பர் குழாயைச் செருகி, மறுமுனையை அந்த ஜலதாரைக்குள் விட்டேன். சுற்றிலும் ஈரச் சாக்கு திணித்தேன். தெருப் பக்கத்து வாயிலும் சத்தம் வந்துவிடக் கூடாதே என்று அங்கேயும் ஒரு சாக்கை அடைத்தேன். எஞ்சினைக் கிளப்பிவிட்டு வாசலுக்கு ஓடிப்போய்க் கேட்டேன். சத்தமே இல்லை. எதிர்வீட்டுப் பெரியவர் வெற்றிலை போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒரே குதூகலம்.

நான் மறந்தது ஒன்று உண்டு. மழைக்காலத்தில் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறும். அது வடிவதற்குக் குழியின் பக்கச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துளை இருந்தது. அந்தத் துளை ஜலதாரைக்குள்தான் திறக்கிறது. எனக்கு அது தெரியாதா? ஒவ்வொரு ஐப்பசியிலும் குச்சி விட்டு அதில் அடைப்பு எடுக்கிறவனே நான்தான். புகை போவதற்கு இருந்த இரண்டு வழியில் ஒன்றை என் கையால் சாக்கு வைத்து மூடினேன். மிச்சம் இருந்தது தறிக்குழி.

அந்தக் குழியில் அன்றைக்கு அண்ணி உட்கார்ந்திருந்தார்.

ஒரு சேலை முடிந்து அடுத்ததற்குப் புதுப் பாவு ஏற்றினால், பழைய இழை முனையோடு புது இழை முனையைச் சேர்த்து முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. விரலில் சாம்பலைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றாக. பிணைப்பு என்போம். பிணைக்கிறவர் தறிக்கு உள்ளேயே, குழிக்குள் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, முன்னால் பழைய பாவும் பின்னால் புதுப் பாவுமாக நடுவில் உட்கார வேண்டும். பாதியில் எழுந்தால் இழை வரிசை மாறிவிடும் என்று பயம். அதனால் எங்கள் தெருவில் பிணைக்கிறவரை யாரும் கூப்பிட மாட்டார்கள். அவராக வாயைத் திறந்தால்தான் பேச்சு. பங்குனிக் காற்றில் பட்டு காய்ந்து நொறுங்கும் என்பதால் கூடத்தின் கதவைச் சாத்தி, கொட்டகைப் பக்கத்து ஜன்னலில் ஈரச் சாக்கு தொங்கவிட்டிருந்தார். அரைமணிக்கு ஒருமுறை, உட்கார்ந்த இடத்திலிருந்தே அதில் தண்ணீரை வீசித் தெளிப்பார். சாக்கின் அடியிலிருந்து என் பக்கம் சொட்டுச் சொட்டாக வடியும்.

அண்ணன் முடித்த சேலையை எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போயிருந்தார். தெருவில் பாதிப்பேர் திருவிழா பார்க்கப் போய்விட்டார்கள். நான் காரின் மேல் கவிழ்ந்து கிடந்தேன்.

முதல் ஒரு மணி நேரம் எஞ்சின் இருமிக்கொண்டே இருந்தது. பெட்ரோலைக் கூட்டினேன். இருமல் நின்றது, ஆனால் சீராக இல்லை. இன்னும் கூட்டினேன். அப்போது அண்ணி எழுந்து கொட்டகைக்கு வந்தார். பிணைப்பின் நடுவில் எழுந்து வருகிறவர் அல்ல. அதையாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

"தல பொளக்குது தம்பி. காப்பி போடறேன், உனுக்கும் ஒரு வாய் போடட்டுமா?"

"பிணைப்புன்னா உங்களுக்கு எப்பவும் வர்றதுதானே அண்ணி."

"அது நெத்தியில வரும். இது வேற மாதிரி இருக்குது." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு சொன்னார், "குழிக்குள்ள காலுக்கு வெதுவெதுன்னு இருக்குதுபா. யாரோ உள்ளேர்ந்து மூச்சு விடற மாதிரி."

இங்கேதான் என் 'தெரியாமல்' அடிபடுகிறது. அவர் அதைச் சொன்னபோது என் மண்டைக்குள் அந்தத் துளை ஒரு கணம் வந்து போனது. வந்தது நிஜம். ஆனால் அப்போதுதான் எஞ்சின் சீராகத் தொடங்கியிருந்தது. விட்டால் மறுபடி முதலிலிருந்து பிடிக்க வேண்டும். ஜலதாரை வாயில் திணித்த சாக்கின் இடுக்கில் புகையும் கண்ணுக்குத் தெரியவில்லை. புகை இல்லாவிட்டால் கெடுதலும் இல்லை என்று, கண்ணுக்குத் தெரியாத நச்சுக்காற்றும் ஆளைச் சாய்க்கும் என்று தெரிந்தே பட்டறையில் ஆறு வருஷம் குப்பை கொட்டியவன், என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

"நல்லதுதானே அண்ணி. காலுக்கு ஒத்தடம்."

அவர் சிரித்தார். காப்பியை நின்றபடியே குடித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்கப்புறம் எவ்வளவு நேரம் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. ஸ்குரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையை எஞ்சின் மேல் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். சட்டென்று ஒரு இடத்தில் எல்லாம் கூடி வந்தது. அடிவயிற்றில் அதிர்கிற மாதிரி ஒரே சீரான ஓட்டம். எஞ்சினை நிறுத்திவிட்டு, சுவரைப் பார்த்துக் கத்தினேன்.

"அண்ணி! கேட்டீங்களா?"

பதில் இல்லை.

தறி ஓடுகிற வீட்டில் சத்தம் நின்றால் யாராவது எட்டிப் பார்ப்பார்கள். பிணைப்பில் சத்தமே கிடையாது. இழை வரிசையில் இருக்கிறார், கூப்பிட்டது என் தப்பு என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். மறுபடியும் எஞ்சினைக் கிளப்பினேன். இன்னும் ஒரு கால் திருகு. இன்னும் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்துக்கு என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

முதுகை நிமிர்த்தியபோது ஜன்னலைப் பார்த்தேன். சாக்கு காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. ஈரச் சாக்கு படபடக்காது. எழுந்து போய்த் தொட்டேன். அப்பளம் மாதிரிக் காய்ந்திருந்தது. கீழே தரையில் சொட்டின தடம்கூட இல்லை. தூக்கத்தில்கூட அண்ணி அந்தச் சாக்கைக் காயவிட மாட்டார்.

எஞ்சினை நிறுத்தினேனா என்று நினைவில்லை. கதவைத் தள்ளியதும் முகத்தில் அடித்தது சூடான, எனக்கு நன்றாகத் தெரிந்த பட்டறைக் காற்று. அண்ணி தறிக்குள் அப்படியே உட்கார்ந்தபடி முன்னால் சாய்ந்திருந்தார். கன்னம் பழைய பாவின் மேல் கிடந்தது. முகம் சிவந்து, பொட்டு கலைந்து, கண் பாதி திறந்திருந்தது. வலது கை விரலில் சாம்பல். அதில் இன்னும் இரண்டு இழை முனைகள்.

முன்னால் பாவு. பின்னால் பாவு. பக்கவாட்டில் தறிக்கால்கள். நினைவோடு இருந்தால் அவரே குனிந்து பாவுக்கு அடியில் நுழைந்து வந்துவிடுவார்; துவண்டு கிடந்தவரை வெளியே இழுக்க வேண்டுமானால் ஒரு பக்கத்துப் பாவை அறுக்க வேண்டும். இரண்டு நாள் பிணைத்த பாவு. சித்திரையில் யாருடைய கல்யாணத்துக்கோ போக வேண்டிய சேலை.

நான் நின்றேன்.

இதுதான் மீதிப் பாதி. அறுக்காமல் தூக்க வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். தறியே வேண்டாம் என்று வீட்டையே இரண்டாக்கியவன், இழையை ஒரு பொருட்டாக மதிக்காதவன், என் அண்ணி மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பதற்கு முன்னால் பாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம்? ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. அது மூச்சுக்குக் கணக்குப் பார்க்க வேண்டிய நேரம்.

பிறகு இரண்டு கையாலும் பிய்த்தேன். பட்டு சுலபத்தில் அறாது. சதையை வெட்டுகிறது. பாவின் மேல் வரிசை இழைகளைக் கையால் இழுத்துக் கிழித்து, கீழ் வரிசையின் மேல் காலை வைத்து மிதித்து, அவரைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கி, கொட்டகை வழியாகக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். காற்றுப் படுகிற இடத்தில் கிடத்தி முகத்தில் தண்ணீரை அடித்தேன். "அண்ணி, அண்ணி" என்று கத்தினேன். கன்னத்தில் அறைந்தேன். ஒன்றும் இல்லை. என் உள்ளங்கை ரத்தம் அவர் கன்னத்தில் ஒட்டியது, அது அவருடைய ரத்தம் என்று நினைத்து மேலும் அலறினேன். கடைசியில் அவர் வயிறு ஒருமுறை எக்கியது. காப்பியை வாந்தி எடுத்தார்.

என் அலறலுக்கு ஓடி வந்தவர் எதிர்வீட்டுப் பெரியவர்தான். செவ்வாய்க்கிழமை என்னைத் திட்டின அதே வாயால், "ஒண்ணும் ஆவாதுபா, ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிக்கொண்டே ரிக்‌ஷாவைக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அண்ணியின் கண் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சாய வீடுதானே, மூடின அறையில் கரி அடுப்பு ஏதாவது எரிந்ததா என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் கட்டிலிலிருந்து பதில் வந்தது.

"ஆமாம் சார். நான்தான் மூட்டி வச்சேன்."

கதவருகில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். முதலாளி வீட்டிலிருந்து நேராக ஓடி வந்திருந்தார். என் கைகளைப் பார்த்தார். விரல் விரலாகப் பட்டு அறுத்த கோடுகள். அவரிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை. எதற்கெடுத்தாலும் எகிறுகிற என் வாய் அன்றைக்கு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கோழைத்தனம், வேறென்ன.

மறுநாளே அந்தக் குழாயைக் கழற்றிவிட்டுப் பழைய சைலன்சரை மாட்டினேன். சிநேகிதன் வந்தபோது அவன் சட்டையைப் பிடித்து, பாவம், அவன் என்னமோ குற்றம் செய்த மாதிரி, வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் ஒன்றும் புரியாமல் காரை எடுத்துக்கொண்டு போனான். பந்தயத்தில் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவே இல்லை.

அண்ணிக்கு நடை திரும்ப ஒரு வாரம் ஆனது. தலைவலி மாதக்கணக்கில் இருந்தது. அந்த வாரத்திலேயே ஒருநாள் நான் பட்டறையிலிருந்து வந்தபோது அண்ணன் தறிக்குழிக்குள் குனிந்து நின்றுகொண்டிருந்தார். கையில் கரண்டி. பக்கத்தில் குழைத்த சிமெண்ட். அந்தத் துளையை அடைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். கரி அடுப்புக் கதையை அவர் ஒரு நாளும் நம்பவில்லை என்று அப்போது தெரிந்தது.

ஐப்பசி வந்தது. வடிய வழியில்லாமல் குழிக்குள் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் ஊறி நின்றது. அண்ணன் அந்த அடைப்பை எடுக்கவில்லை. தினமும் விடிந்ததும் நான் குழிக்குள் இறங்கி டப்பாவால் மொண்டு கொடுப்பேன். அண்ணி மேலே நின்று வாங்கி வாளியில் ஊற்றுவார். அப்படி ஒரு காலையில், அண்ணன் கடைக்குப் போயிருந்தபோது, அவர் திடீரென்று சொன்னார்.

"அன்னிக்கி நீ வந்து நின்னது எனுக்குத் தெரிஞ்சிது தம்பி."

டப்பா என் கையிலேயே நின்றது.

"கண்ணு பாதி தொறந்துதானே இருந்துச்சி. கை வரல, வாய் வரல. எல்லாம் தெரிஞ்சிது. நீ கதவத் தொறந்துக்கினு வந்த. வந்து பாவையே பாத்துக்கினு நின்ன."

"அண்ணி…" என்றேன். ஏழு மாதமாக என் தொண்டையில் கிடந்ததை அவர் இவ்வளவு சாதாரணமாக எடுத்து வெளியே வைத்துவிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"அதுக்கு இல்ல தம்பி, நீ மனசுல வச்சிக்காத. நானும் அதையேதான் நெனச்சிக்கினு இருந்தேன். அய்யோ, அறுக்கப் போறானே, ரெண்டு நாள் பாடாச்சே, அறுத்துடப் போறானேன்னு. வாய் மட்டும் வந்திருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன்."

சொல்லிவிட்டு, டப்பாவுக்காகக் கையை நீட்டினார்.